எழுதியிருக்குது என்று சொன்னேன்

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, வேறெங்கும் வேலை அமையாமல், செஞ்சியில் திண்டிவனம் ரோட்டிலிருந்த ஒரு கார் ஷெட்டில் சேர்ந்தேன். முதலாளியோடு சேர்த்து மூன்று பேர். முதலாளி முன்னால் உட்கார்ந்து போன் பேசுவார், வண்டிக்காரர்களைச் சமாளிப்பார், வயரிங் வேலை வந்தால் மட்டும் எழுந்து வருவார். என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் அண்ணன்தான். உறவுக்காரர் இல்லை, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் அண்ணன். மண்டகப்பட்டிலிருந்து தினமும் மொபெட்டில் வருவார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர். பஸ் போர்டில் இருக்கும் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது.

கார் சாமான்களில் எல்லாம் இங்கிலீஷ்தான். அதனால் யாரும் சொல்லாமலேயே படிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. டப்பா மேல் இருக்கிற நம்பர், ஆயில் கேனில் இருக்கிற எழுத்து, ஸ்பேர் கடைக்காரன் போனில் அனுப்பும் மெசேஜ். அண்ணன் கையில் இருப்பதை என் முகத்துக்கு நேராக நீட்டுவார், “இன்னா போட்டிருக்குது பாரு” என்பார். நான் படிப்பேன். அவர் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு மாட்டுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்படி ஒருவர் என் வாயைப் பார்த்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வல்லத்திலிருந்து ஒரு டிரைவர் வண்டி கொண்டுவந்தார். சொந்த வண்டி, வாடகைக்கு ஓட்டுகிறவர். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை என்றார். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. மறுநாள் விடிகாலை அவர் ஊரில் ஒரு கல்யாணம், பெண்ணை மண்டபத்துக்கு ஏற்றிப்போக வேண்டும், அந்த வீட்டாரிடம் என் வண்டிதான் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணன் சாயங்காலத்துக்குள் தருகிறேன் என்றார். அவர் சொன்னால் நடக்கும் என்பது டிரைவர் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாளியைத் தேடி எங்கள் ஷெட்டுக்கு யாரும் வரவில்லை, அண்ணன் கைக்காகத்தான் வந்தார்கள்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற எங்கள் ஷெட்டில் தனி ஜாக்கி கிடையாது. வண்டியைத் தூக்கி நான்கு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, அண்ணன் சாக்கு விரித்து அடியில் படுத்துக்கொள்வார். போல்ட் எல்லாம் கழற்றியதும் கியர்பாக்ஸ் அவர் வயிற்றின் மேல் இறங்கும். ஏற்றும்போதும் அப்படித்தான், வயிற்றிலிருந்து இரண்டு கையாலும் முழங்காலாலும் எக்கிக் கொடுப்பார். அந்த முறையில் மனுசன்தான் ஜாக்கி. அன்றைக்கு இறக்கும்போது நான் படுத்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. பாக்ஸ் பாதி விலகியதும் அதன் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அண்ணன் சட்டென்று உள்ளே நுழைந்து தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

“நீ போயி டிப்ளமாவ புடி. பாக்ஸ நான் புடிச்சிக்கறேன்” என்றார்.

டீ குடித்துக்கொண்டிருந்த வல்லத்துக்காரர் சிரித்ததில் டீ சட்டையில் சிந்தியது. முதலாளியும் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஷெட்டில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் பேசுவார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காதுமடல் சூடாகி வெகுநேரம் ஆறவில்லை.

மத்தியானம் புதுப் பிளேட் வந்தது. கிளட்ச் பிளேட் பார்க்க ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், நடுவில் ஸ்பிரிங்குகள், அதற்கும் நடுவில் பல் வெட்டிய ஓட்டை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற மாதிரி தோன்றும், ஆனால் ஒரு பக்கம் நடுவில் மேடாக இருக்கும். ஒரு பக்கம் என்ஜினில் சுற்றுகிற ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும், மறுபக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால், எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் என்ஜினை விட்டுப் பிரியாது, கியர் விழாது. எந்தப் பக்கம் எது என்று பிளேட்டிலேயே சின்னதாக அச்சடித்திருப்பார்கள்.

அண்ணன் பிளேட்டை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் திருப்பிப் பார்த்தார். மேட்டைக் கட்டைவிரலால் தடவினார். மேடு கியர்பாக்ஸ் பக்கம் வரணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வழக்கம்போல என்னிடம் நீட்டினார். தட்டையான பக்கத்தில் எழுத்து இருந்தது. அதன் மேலேயே ஸ்பேர் கடைக்காரன் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தான். கடைசி வார்த்தை மட்டும் வெளியே தெரிந்தது. ‘சைடு’. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். போன மாதம் இன்னொரு வண்டிக்கு வந்த பிளேட்டில் ‘கியர்பாக்ஸ் சைடு’ என்று இருந்தது ஞாபகம் வந்தது. இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுத்து இருக்கிற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மறுபடியும் மேட்டைத் தடவினார். அப்படிப் போட்டால் மேடு ஃப்ளைவீல் பக்கம் போய்விடும், தான் போட்டதெல்லாம் வேறு மாதிரி என்றார். வல்லத்துக்காரர் எதிரே டீக்கடையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேச்சு அங்கே கேட்காது, முதலாளி முன்னால் போனில் இருந்தார். காலையில் சிரித்த அதே ஆள்.

“அண்ணா, இதுல எழுதியிருக்குது. கியர்பாக்ஸ் சைடுன்னு தெளிவா போட்டிருக்குது” என்றேன்.

தெளிவாக என்ற வார்த்தையை நான் சேர்த்தேன். அது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அண்ணன், “எழுதியிருந்தா சரி” என்று பிளேட்டைத் திருப்பிக்கொண்டார்.

எழுதியிருக்கிறது என்ற சொல் எங்கள் மாதிரி ஆட்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது நைனா ஒரு ஆபீசுக்கு ஒரு காகிதத்தோடு மூன்று தடவை போய்த் திரும்பி வந்தார். அங்கிருந்த ஆள் காகிதத்தின் அடியில் விரலை வைத்து, உனக்குக் கிடையாதுன்னு இதுலயே எழுதியிருக்குது என்று சொல்லியிருக்கிறார். நைனாவும் அந்த விரல் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சரிங்க என்று வந்துவிட்டார். நாலாவது தடவை நான் கூடப் போனேன். விரல் வைத்த இடத்தில் காகிதம் அச்சடித்த அச்சகத்தின் பெயர்தான் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன். அந்த ஆள் முகம் போன போக்கை நைனா ஒரு வருடம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளை நான் பல வருடம் மனதில் வைத்துத் திட்டியிருக்கிறேன். அன்று மத்தியானம் அண்ணன் பிளேட்டைத் திருப்பியபோது எனக்கு அந்த ஆள் ஞாபகம் வரவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

பிளேட்டை மாட்டி, பழைய கியர்பாக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்துவைத்திருந்த தண்டை நடு ஓட்டையில் விட்டு நேராக நிறுத்தி, அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை மேலே வைத்து போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினோம். பிறகு அண்ணன் படுத்தார். பாக்ஸை அவர் வயிற்றில் வைத்தேன். கியர்பாக்ஸின் தண்டு பிளேட்டின் பல்லில் சரியாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அவசரத்தில் போல்ட் போட்டு இழுக்கக் கூடாது, இழுத்தால் பல் போய்விடும். பின்னால் கொஞ்சம் தூக்கு, வலது பக்கம் ஒரு நூல் திருப்பு என்று அடியிலிருந்து சொல்லிக்கொண்டே எக்கினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சிமெண்டுத் தரையிலிருந்து வரும் சூட்டில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பாக்ஸ் டொக்கென்று உட்கார்ந்தது. அவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். ஆக்சில் மாட்டி, கிளட்ச் கேபிள் மாட்டி, கியர் ஆயில் ஊற்றி முடித்தபோது நாலரை மணி.

வல்லத்துக்காரரே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டார். கர்ரென்று பல் உரசும் சத்தம். கேபிளை இழுத்துக் கட்டிப் பார்த்தோம். அதே சத்தம். என்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டார், விழுந்தது. கிளட்சை மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். வண்டி முன்னால் ஒரு எகிறு எகிறியது, டாஷ்போர்டிலிருந்த பிள்ளையார் கீழே விழுந்தார்.

கிளட்ச் பிரியல என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினோம். மறுபடியும் அந்தக் கனம் அவர் வயிற்றில் இறங்கியது. பிரஷர் பிளேட்டை எடுத்ததும் முதலாளியே குனிந்து பார்த்தார். பிளேட்டின் மேட்டில் ஃப்ளைவீல் போல்ட்டுகள் உரசிய கோடு வட்டமாகப் பளபளத்தது. பிளேட் இனி ஆகாது. புதுசு மறுநாள்தான் வரும். வல்லத்துக்காரர் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். கல்யாண வீட்டாரிடம் அவர் கெஞ்சிப் பேசியது எங்களுக்குக் கேட்டது. வேறு வண்டி அனுப்புகிறேன், நல்ல வண்டிதான், இல்லீங்க, என்னோடது இல்லீங்க என்றார்.

முதலாளி அண்ணனை வண்டிக்காரர் காதில் விழும்படியே திட்டினார். இத்தனை வருடமாகக் கிளட்ச் மாற்றுகிறவன் பிளேட்டைத் திருப்பிப் போடுவானா, புதுசா வந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்.

“படிச்ச பையன் பக்கத்துலயே நிக்கறான். ஒரு வார்த்த அவன கேட்டுட்டு போட்டா இன்னா கொறஞ்சிடும் ஒனக்கு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, கேட்கவும் இல்லை, சும்மா பார்த்தார். என் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. அதை வேஸ்ட் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். சுத்தமாக இருந்த ஸ்பேனர்தான். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“கவனிக்கல மொதலாளி” என்றார் அண்ணன்.

அவர்கள் இரண்டு பேரும் வண்டிக்காரரிடம் பேசப் போனபோது அந்தப் பிளேட்டை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டினேன். இரண்டு சுரண்டலில் வந்துவிட்டது. ‘ஃப்ளைவீல் சைடு’. எழுத்து நன்றாகவே இருந்தது. பின்பக்கம் பழைய இரும்பு போடுகிற டிரம்மில் பிளேட்டைப் போட்டு, அதன் மேல் உடைந்த பிரேக் டிரம் ஒன்றையும் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் புதுப் பிளேட் வந்ததும் முதலாளி, இனிமேல் கிளட்ச் வேலை வந்தால் பிளேட்டைப் படித்த பையனுக்குக் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பிளேட்டை என்னிடம் கொடுத்தார். நான் இந்தப் பக்கம் என்றேன். இந்தத் தடவை படித்துத்தான் சொன்னேன். அவர் தடவிப் பார்க்கவில்லை. நான் நீட்டியபடியே வாங்கி, நீட்டியபடியே மாட்டினார். பாக்ஸ் மூன்றாவது எக்கில் உட்கார்ந்தது. வண்டி நன்றாகப் போனது. கல்யாணம் காலையிலேயே முடிந்திருந்தது.

அந்தக் கதை டிரைவர் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அண்ணனுக்கு ‘திருப்பி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் அண்ணன் கிளாசை எடுத்தால், ண்ணோவ், நேராத்தான புடிச்சிருக்கீங்க என்று ஒருவன் கேட்பான். பஞ்சர் போட வந்தவன்கூட, டயர உள்பக்கம் வெளிய போட்டுடாதீங்க என்றான். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். கிளட்ச் வேலை என்றால் சிலர் என் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் பாக்ஸை வயிற்றில் வாங்கத் தெரியாதவன். அண்ணன் அடியில் படுத்து வாங்குவார், நான் மேலே நின்று பெயர் வாங்கினேன்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் மேல் இருந்த பிரியத்தால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு நன்றியாக அவருக்கு டீ வாங்கிவந்து கொடுப்பேன், மொபெட்டைத் துடைத்து வைப்பேன். இப்படி ஒன்றரை மாதம் போயிற்று.

பிறகு வல்லத்துக்காரர் ஆயில் மாற்ற வந்தார். அண்ணன் பக்கத்து வண்டியின் அடியில் சைலன்சர் கழற்றிக்கொண்டிருந்தார், இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வல்லத்துக்காரர் அந்தக் காலைக் காட்டி, அந்தாளு என் வண்டியில கை வெக்க வேணாம், நீயே பண்ணு தம்பி என்றார். அந்தக் கல்யாண வீட்டார் இன்னும் தன்னோடு பேசுவதில்லை என்றும் சொன்னார். ஏன் அன்றைக்கு வாய் வந்தது என்று தெரியவில்லை. கால்கள் அசையாமல் இருந்ததைப் பார்த்ததாலாக இருக்கலாம். அண்ணன் சரியாகத்தான் போடப் போனார், திருப்பிப் போடச் சொன்னது நான்தான் என்றேன்.

வல்லத்துக்காரர் சிரித்தார். பிறகு தோளைத் தட்டினார்.

“படிச்ச புள்ளன்னா இப்டித்தான் இருக்கணும். கூட வேல செய்றவன விட்டுக் குடுக்காம பேசற பாரு.”

இல்லைங்க, நிஜமாகவே நான்தான் என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் என்னை மெச்சினார். முதலாளியைக் கூப்பிட்டு, தம்பி எவ்வளவு நல்ல பையன் பாருங்க என்றார். முதலாளியும் தலையை ஆட்டினார். நான் உண்மையைச் சொன்னதுகூட என் கணக்கில்தான் சேர்ந்தது. அண்ணன் இன்னும் ஒருபடி கீழே போனார். ஆயிலை மாற்றி முடித்ததும் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வண்டி போன பிறகு அண்ணன் அடியிலிருந்து வெளியே வந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் உன் பேரைச் சொன்னாய், நீ என்ன பண்ணுவாய், அதில் எழுதியிருந்ததைத்தானே படித்தாய் என்றார்.

“கம்பெனிக்காரன் தப்பா அச்சடிச்சிட்டான். அதுக்கு நீ இன்னா செய்வ?”

ஒன்றரை மாதமாக அவர் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் என்னை மன்னித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்க ஏதோ இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“படிக்கத் தெரியாதவன் போயி, எழுதியிருக்கறது தப்புன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

அப்போது சொன்னேன். அந்த எழுத்தின் மேல் ஸ்டிக்கர் இருந்தது, நான் படிக்கவே இல்லை, படித்த மாதிரி சொன்னேன் என்றேன். அன்றைக்குக் காலையில் டிப்ளமா பற்றி அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்ததையும் சொன்னேன். பிளேட்டை டிரம்மில் ஒளித்ததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் தடவிப் பாத்தது சரிதான்” என்றார். எழுந்து சைலன்சர் வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதலாளியிடம் ஸ்டிக்கரிலிருந்து டிரம் வரைக்கும் எதையும் விடாமல் சொன்னேன். பழைய இரும்பை அதற்கு முன்பே எடைக்குப் போட்டுவிட்டார்கள், காட்ட ஒன்றுமில்லை. முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குனிந்து சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னைத் திட்டினார், ஆனால் அண்ணனைத் திட்டியதில் பாதிகூட இல்லை. சின்னப் பையன், விடு என்று அவரே முடித்தும் வைத்தார். பிளேட்டை எனக்குக் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்ற சட்டத்தையும் எடுத்துவிட்டார். ஸ்டாண்டில் யாராவது ‘திருப்பி’ என்றால், அது நான்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேர் நம்பினார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. வல்லத்துக்காரரிடம் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். பழசை விடு தம்பி என்றார்.

அதற்கப்புறம் முதல் கிளட்ச் வேலை ஒரு வாரம் கழித்து வந்தது. பாக்ஸ் இறங்கியது, புதுப் பிளேட் வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், கையைத் துடைத்துக்கொண்டு தயாராக. அண்ணன் பிளேட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, எழுத்து இருந்த இடத்தைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். சாக்கின் மேல் குத்துக்காலிட்டுக் காத்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே அந்த எழுத்து எனக்குத் தெரிந்தது.

போனில் பதில் வந்தது. சத்தமாக வைத்துக் கேட்டார். அவர் மனைவியின் குரல். அண்ணி பத்தாவது வரை படித்தவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“ஃப்ளைவீல் சைடுன்னு போட்டிருக்குதுங்க. அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒண்ணும் ஒட்டல. நல்லா பெருசு பண்ணி பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பிளேட்டை மாட்டினார். பிறகு அடியில் படுத்து, பாக்ஸை எடுத்துக் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தேன்.